பச்சை குத்திய கை

கல்கத்தாவில் சுரினாம் கட்டம் என்ற படித்துறையில் ஒரு மாலை எடுத்த படம் அது. ஹூக்ளிக் கரையில், நினைவுச் சிலைக்குச் சற்றுத் தள்ளி, ஓர் அம்மா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் சேலை, நல்ல கறுப்பு நிறம். மூட்டையைப் பிடித்திருந்த கையில் முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது. மூன்று வரிசைப் புள்ளிகள், நடுவில் செடி போல ஒன்று, வெளிறிப்போய். பின்னால் வெயில் இறங்கிவிட்டது. மேலே வானம் மட்டும் ஆழ்ந்த நீலமாக நின்றது. படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு இந்தியில் சொன்னார்: “கறுப்பா விழாம எடு.”

எங்கள் சிற்றிதழ் ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிச் சிறப்பிதழ் கொண்டுவந்தபோது அட்டைக்கு இந்தப் படம்தான் என்று முடிவாயிற்று. அப்பா கார்டன் ரீச்சில் உள்ள ரயில்வே தலைமையகத்துக்கு வேலைக்கு வந்தவர், கிடர்பூரிலேயே தங்கிவிட்டார். நானும் இங்கேதான். இதழின் வடிவமைப்பும் அச்சும் என் பொறுப்பு. 1834 தொடங்கி 1917 வரை இந்த நதிக்கரையிலிருந்து மொரீஷியஸ், டெமராரா, டிரினிடாட், ஃபிஜி என்று கூலிகளாகக் கப்பலேறிப் போனார்கள். 1873 பிப்ரவரி 26-இல் லல்லா ரூக் என்ற கப்பல் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டு ஜூன் மாதம் சுரினாமை அடைந்தது. கட்டத்தின் பெயர் அந்தத் தொடர்பில் வந்தது. மூட்டையோடு நிற்கும் ஆணும் பெண்ணுமாக அங்கே உள்ள ‘மாய் பாப்’ சிலை 2015-இல் வைக்கப்பட்டது. ஃபிஜிக்கு முதல் கப்பல் 1879-இல் இங்கிருந்து போனது, 1903 முதல் சென்னையிலிருந்தும் போனது. பாரதி கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடியது அந்த ஃபிஜியை நினைத்துத்தான்.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், ஊர், இவற்றோடு அங்க அடையாளம் என்று ஒரு கட்டம். உடம்பில் உள்ள தழும்பையோ குறியையோ ஒரு குமாஸ்தா ஒரு சொல்லில் எழுதிவைப்பார். அந்தச் சீட்டுகளின் நகல்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அட்டையைத் தயார் செய்தேன். அதனால்தானோ என்னவோ, அந்த அம்மாவின் கையில் இருந்த பச்சை என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

கணினித் திரையில் படம் அருமையாக இருந்தது. திரையில் எல்லாமே அருமையாகத்தான் இருக்கும். திரை ஒளியைத் தருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகள் நேராக நம் கண்ணில் விழுகின்றன. தாளுக்கு விளக்கு கிடையாது. அறையில் இருக்கும் வெளிச்சத்தை வாங்கி, மை தின்றது போக மீதியைத் திருப்பித் தருகிறது. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைகளும் ஒவ்வொரு விதமான ஒளியைத் தின்பவை. ஒன்றின் மேல் ஒன்று விழ விழத் தாள் இருட்டிக்கொண்டே போகும். திரையில் உள்ள சில நிறங்கள் நாலு மையில் கிடையவே கிடையாது. எரியும் ஆரஞ்சு, பளீரென்ற பச்சை, எல்லாவற்றையும்விட ஆழ்ந்த நீலம். இல்லாத நிறத்தைக் கேட்டால், பக்கத்தில் இருக்கும் எதையோ கொண்டுவந்து நிறுத்திவிடும் மென்பொருள்.

நீலத்துக்குப் பக்கத்தில் இருப்பது கத்திரிப்பூ நிறம். திரையின் ஆர்ஜிபி நீலத்தை நாலு மைக்கு மாற்றும்போது சியானும் மெஜந்தாவும் கிட்டத்தட்டச் சமமாக ஏறிவிடும். மெஜந்தா எப்போதும் முந்திக்கொள்ளும். பல வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டை அப்படித்தான் போயிற்று. கவிஞர் நள்ளிரவைப் பற்றி எழுதியிருந்தார். ஐந்நூறு பிரதியும் கத்திரிக்காய் நிறத்தில் வந்து இறங்கின. அச்சகத்தில் ஒரு தவறும் இல்லை, நான் அனுப்பியதைத்தான் அவர்கள் அடித்திருந்தார்கள். கவிஞர் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றார். அந்தத் ‘தான்’ இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நீலம் என்றால் சியானுக்கும் மெஜந்தாவுக்கும் முப்பது விழுக்காடாவது இடைவெளி இருக்கிறதா என்று எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கட்டத்தின் வானத்தில் சியான் 100, மெஜந்தா 88 என்றிருந்தது. மெஜந்தாவை 64-க்கு இறக்கினேன். திரையில் வானம் சற்று மங்கிப்போனது. பரவாயில்லை. வாசகர் கையில் இருக்கப்போவது என் திரை இல்லை.

வானத்தோடு வேலை முடியவில்லை. இனிமேல்தான் முகம்.

அக்ரோபாட் மென்பொருளில் ‘அவுட்புட் பிரிவியூ’ என்று ஒன்று உண்டு. அச்சுக்குப் போகும் பிடிஎஃப் கோப்பைத் திறந்து அதில் நாலு நிறத்தையும் தனித்தனியாக அணைக்கலாம், ஏற்றலாம். நிறத்துக்கு ஒன்றாகப் பிளேட் (அச்சுத் தகடு) போடும் முன்னரே பிளேட்டைப் பார்த்துவிடும் வழி. கோப்பு சரியாக இருக்கிறதா என்று தானே சோதித்துச் சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் காட்டும் கருவிகள் இருக்கின்றன. அச்சுக் கோப்புகளுக்கென்றே 2001-இல் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்று உலகத் தர வரையறை வந்தது, அதில் ஆர்ஜிபி நிறம் உள்ளே வரவே முடியாது. அவையெல்லாம் தேவைதான். ஆனால் நாலு பிளேட்டையும் ஒவ்வொன்றாகத் தனியே வைத்து, அவசரப்படாமல் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை.

முதலில் கறுப்பை மட்டும் வைத்தேன். பழைய செய்தித்தாள் படம் மாதிரி ஒன்று வந்தது. சேலை மடிப்பு, மூட்டையின் நிழல், கண் குழி. அந்த அம்மாவின் முகத்தில் கறுப்பு மை அளவுக்கு மேல் ஏறியிருந்தது. நிறத்தை மாற்றும்போது மூன்று மையும் சேர்ந்து தரும் சாம்பலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கறுப்பை வைப்பது மென்பொருளின் வழக்கம். மை மிச்சம், நிறமும் நிலையாக நிற்கும். ஆனால் கறுத்த தோலில் அது கன்னத்தையும் தாடையையும் ஒன்றாக்கிவிடுகிறது.

மெஜந்தாவில் முகம் உயிரோடு இருந்தது. உதடு, மூக்கு நுனி, விரல் கணு. ரத்தம் ஓடும் இடமெல்லாம் இதில்தான் தெரியும். சியானைத் தனியே வைத்தபோது முகம் வெளிறிப் பின்னால் போய்விட்டது, வானம் முழுதாக எழுந்து வந்தது. கையில் இருந்த பச்சையும் அங்கேதான் இருந்தது! மூன்று வரிசைப் புள்ளிகள், நடுவில் செடி. மற்ற பிளேட்டுகளில் அது இருந்தும் இல்லாததுபோல் கிடந்தது. சியானில் மட்டும் கோடு கோடாக எண்ணலாம்.

கடைசியில் மஞ்சள். மஞ்சள் பிளேட்டைப் பார்ப்பது கடினம். வெள்ளைத் திரையில் மஞ்சள் புகை, அவ்வளவுதான். சேலை இருக்கும் இடத்தில் கொஞ்சம் அழுத்தம், முகம் இருக்கும் இடத்தில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம். கண் அதைப் பிடிக்க மறுக்கிறது. ஒன்றுமே இல்லை என்று தாண்டிப் போகத் தோன்றும். ஆனால் மற்ற மூன்றையும் ஏற்றிவிட்டு மஞ்சளை மட்டும் அணைத்துப் பாருங்கள், அந்த அம்மாவின் முகம் அடிபட்டுக் கன்றிய ஊதாவாக மாறிவிடும். நம் தோலுக்கெல்லாம் அடியில் நிற்பது மஞ்சள். மெஜந்தாவைவிட மஞ்சள் கொஞ்சமாவது கூட இருக்க வேண்டும் என்பது படங்களைச் சீர்செய்பவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் கணக்கு. கன்னத்தில் எடுத்துப் பார்த்தேன். மெஜந்தா 72, மஞ்சள் 61. அப்படியே போயிருந்தால் வெயிலில் சிவந்த வெள்ளைக்காரத் தோல் போல ஒன்று, அதன் மேல் கறுப்பைப் பூசியது போல வந்திருக்கும்.

இது ஒரு எண் தவறு மட்டும் இல்லை என்றே நினைக்கிறேன். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ‘ஷர்லி கார்டு’ என்று பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அவருடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். உலகம் முழுக்க எத்தனையோ கல்யாணப் படங்கள் அந்தப் பெண்ணின் கன்னத்தைச் சரியாக்கும் அளவில் கழுவப்பட்டன. நம் வீட்டு ஆல்பங்களில் அப்பாவின் முகம் ஏன் இருட்டுக்குள் போய், பல்லும் சட்டையும் மட்டும் தெரிகிறது என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. “கறுப்பா விழாம எடு” என்று அந்த அம்மா சொன்னபோது, வெளுப்பாகக் காட்டச் சொல்கிறார் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ராத்திரியில் வேறு மாதிரி கேட்டது. எத்தனையோ படங்களில் அவர் முகம் ஒரு கரும்புள்ளியாகப் போயிருக்கும். முகத்தைத் தொலைத்துவிடாதே என்று சொல்லியிருக்கிறார். வெளுக்கவைப்பது எளிது, ஒரு பொத்தான் போதும். அவர் நிறத்திலேயே அவரைத் தெரியவைக்க மூன்று ராத்திரி ஆயிற்று.

இந்த ஊரில் இந்த வேலைக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. சத்யஜித் ராயின் தாத்தா என்றால் எல்லோருக்கும் தெரியும். குழந்தைகளுக்காக ராமாயணம் எழுதி அதற்குத் தானே படங்களும் வரைந்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டபோது படங்கள் பாழாயின. வேறொருவராக இருந்தால் அச்சகத்தாரைத் திட்டிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போயிருப்பார். இவர் இங்கிலாந்திலிருந்து காமிராவும் கருவிகளும் வரவழைத்து, புத்தகங்களைப் படித்தே ஹாஃப்டோன் முறையைக் கற்றுக்கொண்டு, 1895-இல் தானே தொழில் தொடங்கினார். யு. ராய் என்ற அந்த நிறுவனமே பின்னால் யு. ராய் அண்ட் சன்ஸ் ஆயிற்று.

ஹாஃப்டோன் என்பது சாயலைப் புள்ளியாக்கும் வித்தை. அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் தெரியாது, மை உண்டு அல்லது இல்லை. பெரிய புள்ளி இருட்டு, சின்னப் புள்ளி வெளிச்சம். நாலு நிறத்துக்கும் நாலு புள்ளி வலை. நாலையும் ஒரே சாய்வில் போட்டால் வலைகள் ஒன்றோடொன்று மோதி, பட்டுச் சேலையில் தண்ணீர் பட்டதுபோல் அலை அலையாக ஒரு கோலம் வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் வேறு வேறு பாகையில் திருப்பிவைக்கிறோம். வழக்கமாகக் கறுப்பு 45, மெஜந்தா 75, சியான் 15, மஞ்சள் நேராக. புள்ளி வலையை உண்டாக்கும் திரைக் கண்ணாடிக்கும் படத்தகட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும், துளை எந்த வடிவில் இருக்க வேண்டும், 60 பாகையில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் திரையால் என்ன பயன் என்றெல்லாம் உபேந்திரகிஷோர் கணக்குப் போட்டு, லண்டனிலிருந்து வந்த பென்ரோஸ் ஆண்டு மலரில் 1897 முதல் 1912 வரை தொடர்ந்து எழுதினார். அடித்துப் பார்த்துத் திருத்துவோம் என்றிருந்த தொழிலில், அடிக்கும் முன்பே கணக்கில் பார்த்துவிட முடியும் என்பது அவருடைய பிடிவாதம். ‘பிரவாசி’, ‘மாடர்ன் ரிவ்யூ’ பத்திரிகைகளில் வந்த அவனீந்திரநாத்தின் மெல்லிய நீர்வண்ண ஓவியங்கள் அந்தப் பட்டறையின் பிளேட்டுகள் வழியாகத்தான் கல்கத்தாவுக்கு வெளியே இருந்தவர்கள் கண்ணுக்குப் போயின. மகன் சுகுமாரையும் 1911-இல் இந்தத் தொழில் படிக்க லண்டனுக்கு அனுப்பினார். நான் அவரை நினைப்பது அவருடைய அறிவுக்காக மட்டும் இல்லை. தன் படம் கெட்டது என்ற வருத்தத்தை வருத்தமாகவே வைத்துக்கொள்ளாமல், கெட்டது எங்கே என்று தேடிப் போனாரே, அதற்காக.

எழுத்துக்கு வருகிறேன். படத்தில் கண் போய்விடுவதால் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தமிழ் எழுத்துக்குத்தான் ஆபத்து கூடுதல். பின்னட்டைக் குறிப்பை வேர்டு கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன். அங்கே கறுப்பு என்பது ஆர்ஜிபி கறுப்பு. மாற்றியபோது அது சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நாலு பிளேட்டிலும் போய் உட்கார்ந்துகொண்டது. திரையில் கறுப்பு கறுப்புதான், வித்தியாசமே தெரியாது. மெஷினில் ஒரு பிளேட் முடியளவு விலகினால் போதும், ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பு விளிம்பும் நீல விளிம்பும் முளைக்கும். ‘ண’வின் சுழிகள் அடைபடும். புள்ளி நாலு புள்ளியாகச் சிதறும். புள்ளி சிதறினால் நம் மொழியில் சொல்லே மாறிவிடும். கறுப்புப் பிளேட்டை அணைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் எழுத்து மறையாமல் பழுப்பாக நிற்கும். அப்படி நின்றது. எல்லாவற்றையும் வெறும் கறுப்பு நூறுக்கு மாற்றினேன்.

இன்னொன்று இதைவிட மோசம். கறுப்பு எழுத்துக்கு ‘ஓவர்பிரிண்ட்’ என்று கட்டளை கொடுப்பது வழக்கம். அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் மேலேயே அடித்துவிடும், விளிம்பில் வெள்ளைக் கீற்று விழாது. அந்தக் கட்டளையை எடுக்காமல் எழுத்தை வெள்ளையாக மாற்றிவிட்டால் கதை முடிந்தது. வெள்ளை என்பது மை கிடையாது, மை இல்லாத இடம். மேலே அடி என்று சொன்னால் அடிப்பதற்கு ஒன்றும் இல்லை. எழுத்து காணாமல் போகும், திரையில் மட்டும் பளிச்சென்று இருக்கும். எங்கள் பழைய இதழ் ஒன்றின் அட்டையில் அப்படி ஓர் எழுத்தாளரின் பெயர் காணாமல் போயிற்று. அவருடைய முதல் கதை அது. அவர் ஊரில் ஐந்து பிரதி வாங்கி உறவினர்களுக்குக் கொடுத்திருந்தார். நான் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதில் வரவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகு ‘ஓவர்பிரிண்ட் பிரிவியூ’வைப் போட்டுப் பார்க்காமல் ஒரு கோப்பையும் நான் அனுப்பியதில்லை.

தாளும் ஒரு நிறம்தான், அதை மறந்துவிடுகிறோம். 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையைப் பாரதி சிவப்புத் தாளில் அச்சிட்டார். மையில் செலவழிக்காமல் தாளிலேயே தன் நெஞ்சின் நிறத்தைக் கொண்டுவந்துவிட்டார். நம் உள்பக்கங்களுக்குப் பெரும்பாலும் மேப்லித்தோ தாள். இளம் பழுப்புத் தாளில் அடித்தால் வானத்தின் நீலத்தில் பச்சை ஏறும். பூச்சு இல்லாத தாள் மையை உறிஞ்சிப் புள்ளியைப் பருக்கவைக்கும், எழுபது விழுக்காட்டுப் புள்ளி அடைந்து இருட்டாகிவிடும். அட்டைக்கு ஆர்ட் கார்டு என்பதால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அதன்மேல் மேட் லேமினேஷன் வரும். அது இருட்டை இன்னும் ஒரு படி கூட்டிவிடும். அதையும் கணக்கில் வைத்து முகத்தில் கறுப்பைக் குறைத்தேன், மஞ்சளை மெஜந்தாவுக்கு மேலே கொண்டுபோனேன், கையில் பச்சையைச் சுற்றியிருந்த தோலில் மட்டும் சியானை இறக்கினேன். குறியைத் தொடவில்லை. நிழலில் நாலு மையும் சேர்ந்து முந்நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்தேன். தாண்டினால் மை காயாது, அடுக்கிவைத்த தாளில் ஒன்றின் முகம் இன்னொன்றின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். மூட்டைக்கு அடியில் 328 இருந்தது. இறக்கினேன்.

அச்சகம் வாட்கஞ்ச் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. மெஷின் ஓட்டுபவரை நாங்கள் சாச்சா என்போம். அப்பா காலத்திலிருந்து பழக்கம், என்னை இன்னும் ‘பேட்டா’ என்றுதான் கூப்பிடுவார். ராத்திரி பதினொன்றுக்குப் பிளேட் ஏற்றினார்கள். முதல் நூறு தாள் வேஸ்ட், அதில் நாலு நிறமும் ஒன்றோடொன்று பொருந்துவதற்காக அலைந்துகொண்டிருந்தன. பொருந்தியதும் சாச்சா ஒரு தாளை உருவி டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தார்.

“அம்மா முகம் பச்சை அடிக்குதே. மஞ்சளைக் கொஞ்சம் குறைக்கட்டுமா?”

அந்த டியூப்லைட்டில் எல்லோர் முகமும் பச்சைதான் அடிக்கும், அவர் முகமும் என் முகமும். அச்சு நிறத்தைப் பார்க்க 5000 கெல்வின் வெளிச்சம் வேண்டும் என்பது வரையறை. சின்ன அச்சகத்தில் அதற்கு எங்கே போவது? குறைக்க வேண்டாம், உள்பக்கங்களை முதலில் ஓட்டிவிட்டு அட்டையை விடிந்ததும் அடிக்கலாமா என்று கேட்டேன். பிளேட்டைக் கழற்றி மறுபடி ஏற்ற வேண்டும், வேலை இரட்டிப்பு. சாச்சா ஒன்றும் சொல்லாமல் திருகைத் திருப்பி மெஷினை நிறுத்தினார்.

காலையில் ஆறரைக்கு அட்டையை மறுபடி ஏற்றினார்கள். வந்த தாளை எடுத்துக்கொண்டு இருவரும் சந்து முனைக்கு வந்தோம். நேர்வெயில் படாத இடமாகப் பார்த்து, ஒரு கடையின் மூடிய ஷட்டர் மேல் தாளை விரித்துப் பிடித்தோம். ஃபேன்ஸி மார்க்கெட்டில் வாங்கிய லூப்பு (உருப்பெருக்கி) என் சட்டைப்பையில் இருந்தது. அதை முகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்னப் பூக்களாகப் புள்ளிகள், நடுவில் கறுப்பு, சுற்றிலும் மெஜந்தாவும் சியானும், அடியில் எங்கும் மஞ்சள். லூப்பை எடுத்ததும் புள்ளிகள் போய் அந்த அம்மா வந்தார். கன்னமும் தாடையும் தனித்தனியாக இருந்தன. கறுப்பாகத்தான் இருந்தார், தெரிந்தார்.

சாச்சா லூப்பை வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. வானத்தையும் பார்க்கவில்லை. கீழே வந்து, மூட்டையைப் பிடித்திருந்த கையில் வைத்து, வெகுநேரம் குனிந்திருந்தார்.

“கோத்னா” என்றார். “எங்க நானிக்கும் இதே இடத்துல இருந்துச்சு.”

பிறகு உள்ளே போய் மெஷினை ஓடவிட்டார்.